‘ஒரே லோடில் எல்லாக் குழாயும்’ என்று வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கங்களில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர்களும் சொந்தமாக வீடு கட்டுகிறவர்களும் குழாய்ச் சாமான்களுக்குப் பெரும்பாலும் கோவையையும் பொள்ளாச்சியையும் நம்பியே இருக்கிறோம். அங்கே கடைகள் அதிகம், விலையிலும் சற்றே இறக்கம் உண்டு, பேசுவதற்கும் நம் மொழியே போதும். இந்த வசதியையே முதலாக வைத்து ஒரு வியாபாரி எங்கள் தளத்தில் செய்த மோசடியை, அதே பேச்சோடு வேறு தளங்களுக்கும் அவர் போய்க்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதால், விவரமாக எழுதுகிறேன். விவகாரம் இன்னும் முடியாததால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். ஆனால் அவருடைய முறையைத் தெரிந்துகொண்டால், யார் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கொழிஞ்சாம்பாறைக்கு அருகே, தங்கும் அறைகளோடு கூடிய மூன்று மாடித் திருமண மண்டபம் ஒன்றின் பணியை நான் மேற்பார்வை செய்கிறேன். மாடியில் சூரிய வெப்பத்தில் வெந்நீர் தரும் கருவிகள் வைப்பதால், அறைகளுக்குப் போகும், வெந்நீர் தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்கள் அனைத்தும் தடித்த சுவருள்ள எஸ்டிஆர் 11 வகையாக இருக்கவேண்டும் என்றும், கழிவுநீருக்கான எஸ்டபிள்யூஆர் குழாய்கள் தடிமன் கூடிய டைப் பி ஆக இருக்கவேண்டும் என்றும் கொட்டேஷன் கேட்கும்போதே எழுத்தில் கொடுத்திருந்தோம். அவரும் அப்படியே எழுதித் தந்தார். சாமான்களை மாடி மாடியாக, வேலை நகர்வதற்கு ஏற்ப அனுப்பும்படி கேட்டதற்குத்தான் அவர் மறுப்புச் சொன்னார். “லோடு லோடா வந்தா ஒவ்வொரு தடவையும் எறக்குக்கூலி உங்களுக்குத்தானுங்க. ரெசின் விலையும் ஏறப்போகுது. மொத்தமாப் பணத்தைக் கட்டீட்டீங்கன்னா இன்னைக்கு வெலைக்கே எல்லாத்தையும் ஒரே வண்டியில எறக்கீர்றனுங்க, மீந்ததை நாங்களே திருப்பி எடுத்துக்கறோமுங்க” என்றார். கேரளப் பக்கத்தில் சுமட்டுத் தொழிலாளர்களின் இறக்குக்கூலி உண்மையாகவே ஒரு செலவு. குழாயின் மூலப்பொருளான பிவிசி ரெசினின் விலை அடிக்கடி ஏறி இறங்குவதும் உண்மை. அவர் சொன்ன காரணங்கள் இரண்டும் உண்மையாக இருந்ததால்தான் உரிமையாளர் முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டச் சம்மதித்தார்.

பகலில் வரும் என்று சொன்ன வண்டி, நாங்கள் கிளம்பிய பிறகு, பொழுது சாயும் நேரத்தில் வந்தது. தளத்தில் சாமான் அறைப் பொறுப்பாளர் ஒருவர்தான் இருந்தார். 110 மில்லிமீட்டர் குழாய்களுக்குள் 75 மில்லிமீட்டர் குழாய்களை நுழைத்து அடுக்கியிருந்தார்கள். வண்டியில் இடம் மிச்சம் பிடிக்க எல்லோரும் செய்வதுதான் இது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே குழாய் இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்பது தெரியாது. இறக்கி முடிப்பதற்குள் ஓட்டுநர், ராத்திரிக்குள் திரும்பவேண்டும் என்று அவசரப்படுத்தி, சரக்கைப் பெற்றதற்கான செலானில் கையெழுத்து வாங்கிவிட்டார். அந்தச் செலானின் அடியில், “பொருள்கள் எண்ணிச் சரிபார்த்து நல்ல நிலையில் பெறப்பட்டன” என்ற வரி முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. நேரம் தவறி வரும் வண்டியும் இந்த வரியும் சேர்ந்து வருவதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் வெளிப்பட்டது சிபிவிசி மோசடி. முதல் மாடிச் சுவர்களில் குழாய் பதிக்கக் காடி எடுத்து வேலை தொடங்கியபோது, எங்கள் பிளம்பர் ஒரு குழாய்க் கட்டைப் பிரித்து, நடுவிலிருந்து எடுத்த குழாயை அறுத்ததும் நிறுத்திவிட்டார். அறுத்த முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, முந்தைய துண்டை அதன் அருகில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே நிறம், ஒரே வெளிவிட்டம். ஆனால் சுவரின் தடிமன் வேறு. அந்தக் கட்டு முழுவதையும் பிரித்துப் பார்த்தோம். வெளிச்சுற்றில் இருந்த குழாய்களில் எஸ்டிஆர் 11 என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்தவற்றில் எஸ்டிஆர் 13.5 என்று, சின்ன எழுத்தில், ஆனால் தெளிவாகவே இருந்தது. மற்றக் கட்டுகளிலும் பெரும்பாலும் இதே அமைப்புதான். தொழிற்சாலையில் கட்டிய நாடாவை அவிழ்த்து, மாற்றி அடுக்கி, மறுபடியும் கட்டாமல் ஒரு கட்டு இப்படி அமையாது.

வீடு கட்டுகிறவர்கள் இதைச் சற்று நின்று புரிந்துகொள்ளவேண்டும். குழாயின் வெளிவிட்டத்தை அதன் சுவர்த் தடிமனால் வகுத்தால் வரும் எண்தான் எஸ்டிஆர். எண் கூடினால் சுவர் மெலிகிறது என்று பொருள். முக்கால் இஞ்ச் சிபிவிசி குழாயின் வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர். அதை 11ஆல் வகுத்தால் சுவர் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும், 13.5ஆல் வகுத்தால் 1.6க்குச் சற்று மேலே வரும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த வித்தியாசத்தில் பிளாஸ்டிக் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது, விலையும் அதற்கேற்பக் குறைகிறது. வெளிவிட்டம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் எல்போ, டீ, கப்ளிங் போன்ற இணைப்புகள் எல்லாம் இரண்டிலும் கச்சிதமாகப் பொருந்தும். பொருத்தும்போது யாருக்கும் சந்தேகம் வராது. பூசுவதற்கு முன்பு பச்சைத் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்க்கும் சோதனையிலும் மெல்லிய குழாய் தாராளமாகத் தேறிவிடும். சிக்கல் வெந்நீரில்தான் இருக்கிறது. எஸ்டிஆர் 11 குழாயே 23 டிகிரியில் தாங்கும் அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கைத்தான் 82 டிகிரியில் தாங்கும். வெந்நீருக்கென்று கணக்கிட்டு வைத்த தாங்குதிறனில் ஒரு பகுதியை இந்த வியாபாரி எங்களுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டார். ஓடு ஒட்டிய சுவருக்குள் அது சில ஆண்டுகள் கழித்து வெடித்திருந்தால், பழி பிளம்பரின் தலையில்தான் விழுந்திருக்கும்.

கழிவுநீர்க் குழாயிலும் இதே கதைதான். ஐஎஸ் 13592 என்ற இந்தியத் தரப்படி டைப் ஏ என்பது காற்றுப்போக்கிக்கும் மழைநீருக்கும் உரியது. கழிப்பறைக் கழிவுக்கும் குளியலறைக் கழிவுக்கும் டைப் பி வேண்டும். 110 மில்லிமீட்டர் குழாயில் டைப் ஏயின் குறைந்தபட்சத் தடிமன் 2.2 மில்லிமீட்டர், டைப் பியின் குறைந்தபட்சம் 3.2. பில்லில் முழுவதும் டைப் பி என்று எழுதி, வண்டியில் பாதிக்கு மேல் டைப் ஏ ஏற்றியிருந்தார்கள். உள்ளே நுழைத்திருந்த 75 மில்லிமீட்டர் குழாய்களும், எல்லாவற்றையும் உருவி எண்ணியபோது, பில்லில் இருந்த கணக்குக்கு வெகு தூரத்தில் நின்றன.

ஃபிட்டிங்குகளைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கில்லை. பைகளில் எண்ணிக்கை குறைவு. விலை அதிகமான பித்தளைத் திருகு வைத்த எல்போக்களில்தான் குறைவும் அதிகம். சால்வென்ட் பேஸ்ட் டப்பாக்களில் சிலவற்றின் தயாரிப்புத் தேதி சுரண்டப்பட்டிருந்தது. திறந்தால் உள்ளே குழகுழவென்று கூழாகியிருந்தது. அப்படிக் கட்டிப்போன பேஸ்டை எதையாவது ஊற்றி இளக்கிப் பயன்படுத்தவே கூடாது. சிபிவிசிக்கான டப்பாவில் ஏஎஸ்டிஎம் எஃப்493 என்ற எண் இருக்கவேண்டும். எங்களுக்கு வந்தவற்றில் சில வெறும் பிவிசிக்கான பேஸ்ட்.

எல்லைப் பகுதியில் இருப்பவர்கள் மிகவும் கவனிக்கவேண்டியது பில் விவகாரம். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் கடந்து போகும்போது இ-வே பில் என்ற அரசாங்கப் பதிவுச் சீட்டுப் போடவேண்டும். அதில் வண்டி எண்ணும் பொருளின் விவரமும் மதிப்பும் பதிவாகும். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்தில் கொண்டுவந்து இறக்கித் தரும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி போடவேண்டும். இவரோ, ஒரே வண்டிச் சரக்கை 50,000 ரூபாய்க்கு உட்பட்ட பல பில்களாக உடைத்து, எல்லாவற்றையும் கடையிலேயே நேரில் வந்து வாங்கியதுபோல், மாநிலத்துக்குள் விற்பதற்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று போட்டு அனுப்பியிருந்தார். இதனால் அவருக்கு மிச்சமானது இ-வே பில் வேலை மட்டுமல்ல. அந்த வண்டியில் என்ன வந்தது என்பதற்கு அரசாங்கப் பதிவே இல்லாமல் போயிற்று. நாங்கள் கேள்வி கேட்டபோது, “சரக்கைக் கடையிலேயே பார்த்து எடுத்துக்கொண்டு போனதாகத்தான் பில் இருக்கிறது, வழியில் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று பதில் வந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது வாளையாறு, வேலந்தாவளம் போன்ற இடங்களில் வணிகவரிச் சோதனை எடுபட்டுப்போனதால், பில் சரியில்லாத வண்டியும் பெரும்பாலும் தடையின்றி வந்து சேர்ந்துவிடுகிறது. பில்லைப் பார்க்கவேண்டியவர் இனி வாங்குகிறவர்தான்.

எங்களுக்குக் கைகொடுத்த சாட்சி, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கட்டுக் கணக்கில் இறக்குக்கூலி பேசியிருந்ததால், சுமட்டுத் தொழிலாளர்களின் தலைவர் அன்று இறக்கியதைத் தம் நோட்டில் வகை வாரியாக எழுதி வைத்திருந்தார். அந்தக் கணக்கும் எங்கள் கணக்கும் ஒன்றாக இருந்தன. பில் மட்டும்தான் தனியாக நின்றது. வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்கே கேட்கும் ‘நோக்குகூலி’ என்ற பெயரால் இந்தத் தொழிலாளர்கள் கேட்டிருக்கும் ஏச்சு எல்லோருக்கும் தெரியும். இந்த விவகாரத்தில் நேர்மையான கணக்கு அவர்களிடம்தான் இருந்தது என்பதை எழுதாமல் விடுவது நியாயமாகாது.

வியாபாரியின் பதில் படிப்படியாக மாறியது. முதலில் குடோன் பையன்களின் கவனக்குறைவு என்றார். பிறகு செலானில் கையெழுத்து இருக்கிறதே என்றார். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, குழாய் வெயிலில் கிடந்து நிறம் மங்கிவிட்டது என்றார். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் ஊரில், மூன்று மாடிக்குமான குழாயை ஒரே நாளில் கொண்டுவந்து கொட்டினால் அத்தனைக்கும் நிழல் எங்கிருந்து கிடைக்கும்? மாடி மாடியாக அனுப்பும்படி கேட்டதே அதற்காகத்தான். கடைசியாக, மாற்றவேண்டுமானால் சொந்தச் செலவில் குடோனுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்படி சொன்னார்.

வழக்கறிஞர் மூலம் நாங்கள் அனுப்பிய கடிதத்தில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தை எடுத்துக்காட்டினோம். அதன் 37ஆம் பிரிவின்படி, பேசிய சரக்கோடு வேறு வகையைக் கலந்து அனுப்பினால், சரியானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறுக்கவோ, முழுவதையும் மறுக்கவோ வாங்குகிறவருக்கு உரிமை உண்டு. சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை சரக்கை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது என்கிறது 41ஆம் பிரிவு. மறுத்த சரக்கைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை வாங்கியவருக்கு இல்லை, மறுக்கிறேன் என்று தெரிவித்தால் போதும் என்கிறது 43ஆம் பிரிவு. ஆனால் தெரிவிக்காமல் நாள் கடத்தினால், 42ஆம் பிரிவின்படி ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும். ஆகவே குறை தெரிந்தவுடன் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். தொலைபேசியில் சண்டை போடுவதால் ஒன்றும் பதிவாகாது.

இந்தக் கடிதத்துக்குப் பிறகு எஸ்டபிள்யூஆர் குழாய்களில் ஒரு பகுதியை மட்டும் மாற்றித் தந்தார். சிபிவிசிக்கு இதுவரை குழாயும் வரவில்லை, பணமும் வரவில்லை. மண்டபம் வணிக நோக்கத்துக்கானது என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக எங்களுக்கு வழியில்லை, உரிமையியல் நீதிமன்றம்தான். குடியிருக்க வீடு கட்டுகிறவர்களுக்கு அந்தத் தடை கிடையாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இப்போது எங்கள் தளத்தில் சாமான் வாங்கும் முறையை முழுவதுமாக மாற்றிவிட்டோம். வரைபடத்தைப் பார்த்து மாடி வாரியாகப் பட்டியல் எடுத்து, தரைக்கு அடியில் போகும் கழிவுக்குழாய், சுவருக்குள் பதிக்கும் சிபிவிசி, வெளிச்சுவரில் இறங்கும் குழாய் என்று வேலை வரும் வரிசையிலேயே வாங்குகிறோம். ஒவ்வொரு லோடுக்கும் இறக்குக்கூலி கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் தளத்தில் ஒரு நேரத்தில் இருப்பது கூரைக்குள் அடங்குகிறது, எண்ணவும் முடிகிறது. பணமும் லோடு லோடாகத்தான் போகிறது. வண்டி வெளிச்சத்தோடு வரவேண்டும் என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுகிறோம். இறங்கும்போதே உள்ளே நுழைத்த குழாய்களை உருவி எண்ணுகிறோம். வகைக்கு ஒரு கட்டு முழுவதையும் பிரித்து, நடுவில் உள்ள குழாயின் அச்சைப் படித்து, முனையில் தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்துப் பார்க்கிறோம். ஃபிட்டிங் பைகளில் ஒன்றை எண்ணி எடைபோட்டு, மற்றவற்றைத் தராசிலேயே சரிபார்த்துவிடுகிறோம். குழாயின்மேல் ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால், அந்த உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுபடியாகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். இது முடியும்வரை செலானில் கையெழுத்து இல்லை. அவசரமென்று ஓட்டுநர் வற்புறுத்தினால், “எண்ணிப் பார்க்கவில்லை” என்று கையெழுத்துக்கு மேலே எழுதித்தான் கொடுக்கிறோம்.

மாற்றித் தராத டைப் ஏ குழாய்களை விலை வித்தியாசம் கேட்டு எழுதிவிட்டு மழைநீருக்குப் போட்டுவிட்டோம். எஸ்டிஆர் 13.5 குழாய்கள், அறுத்த துண்டுகளோடும் சுரண்டிய டப்பாக்களோடும், வழக்குக்காக ஒரு அறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்தில் யாருக்காவது, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டு, உடைத்த பில்களோடு, பொழுது சாயும் நேரத்தில் ஒரே வண்டியாகச் சரக்கு வந்திருந்தால், சுவரைப் பூசுவதற்கு முன்பு கட்டின் நடுவிலிருந்து ஒரு குழாயை உருவி, அதன் அச்சைப் படித்துப் பாருங்கள்.