நீல விளக்கா, சிவப்பு விளக்கா? தோல் பி.டி.டி. கருவிகள் இரண்டு

தோலில் மருந்தைப் பூசி, அதை ஒளியால் தூண்டிக் கெட்ட செல்களைக் கொல்லும் முறைதான் போட்டோடைனமிக் தெரபி, சுருக்கமாகப் பி.டி.டி. வெயிலில் கெட்டுச் சொரசொரப்பாகும் ஆக்டினிக் கெரடோசிஸ் திட்டுகளுக்கு அமெரிக்கத் தோல் கிளினிக்குகளில் நன்கு புழங்கும் விளக்குகள் இரண்டு. ஒன்று நீல ஒளி தரும் ப்ளூ-யூ. டூசா நிறுவனத்தோடு சேர்ந்து இது சன் ஃபார்மாவின் கைக்கு வந்தது. மற்றது ஜெர்மனியின் பயோஃப்ரன்டேரா கொண்டுவந்த, சிவப்பு ஒளி தரும் பிஎஃப்-ரோடோஎல்இடி. விற்க வருபவர்கள் அவரவர் நிறத்தைத்தான் உயர்த்திப் பேசுவார்கள். வாங்குபவர் கேட்கவேண்டியது வேறு: எந்த மருந்தோடு, எவ்வளவு தடித்த திட்டுக்கு?

இரண்டிலும் பூசப்படுவது அமினோலெவுலினிக் அமிலம்தான். செல்லுக்குள் போனதும் அது புரோட்டோபோர்ஃபிரின் 9 என்ற நிறமியாக மாறுகிறது. ஒளியை விழுங்கி, பக்கத்திலுள்ள ஆக்ஸிஜனை நச்சாக்கிச் செல்லைச் சாகடிப்பது அந்த நிறமி. அது மிக அதிகமாக ஒளியை வாங்குவது 405 முதல் 410 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளத்தில், அதாவது நீலத்தில். அதன்பின் 505, 540, 575, கடைசியாகச் சிவப்பில் 635 என்று சிறு மேடுகள். 410இல் வாங்குவது 635இல் வாங்குவதைப்போல 20 மடங்குக்கும் மேல்.

இதை மட்டும் பார்த்தால் நீலமே ஜெயிக்கவேண்டும். ஆனால் அதையொட்டி 415 அருகேதான் இரத்தத்தின் ஹீமோகுளோபினும் ஒளியைக் குடிக்கிறது, தோலுக்குக் கருமை தரும் மெலனினும் சிவப்பைவிட நீலத்தை அதிகம் பிடிக்கிறது, சிதறலும் கூடுதல். நீல ஒளி மேல்மண்ணை மட்டும் நனைக்கும் தூறல் போல, ஏறக்குறைய 1 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். 630ஐ ஒட்டிய சிவப்பு 2, 3 மில்லிமீட்டர் வரை வேலைசெய்யும் அளவுக்கு இறங்கும். அதனால்தான் மெல்லிய திட்டுக்கு நீலம் தாராளமாகப் போதும். மேலோட்டமான பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று, தோலின் மேலடுக்கோடு நிற்கும் ஆரம்பநிலைப் புற்றான போவன் நோய் போன்றவற்றுக்கு ஐரோப்பாவில் சிவப்பையே எடுக்கிறார்கள். சிவப்பு இன்னும் ஆழம் போனாலும் பெரிய லாபமில்லை. பூசிய மருந்து அவ்வளவு ஆழத்துக்குப் போய்ச் சேராது, 2 மில்லிமீட்டரைத் தாண்டிய கட்டியில் எந்த விளக்கும் தடுமாறும்.

ப்ளூ-யூவின் கணக்கு எளிது: 417 நானோமீட்டர், சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட், 1000 விநாடி. ஆக 16 நிமிடம் 40 விநாடியில் 10 ஜூல். முகத்தைச் சுற்றி வளைந்து நிற்கும் வடிவம்தான் இதன் பெரிய பலம். நெற்றி, இரு கன்னம், மூக்கு எல்லாம் ஒரே அமர்வில் முடியும். இதோடு சேர்ந்த மருந்து லெவுலான் கெராஸ்டிக், குச்சியில் வரும் 20 சதவீதக் கரைசல். குச்சிக்குள் இருக்கும் கண்ணாடிக் குப்பிகளை நசுக்கிக் குலுக்கிக் கலந்து, 2 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மருந்தின் அட்டையில் உள்ளபடி முகத்துக்கும் தலைக்கும் 14 முதல் 18 மணி நேரம் ஊறவிடவேண்டும். முதல்நாள் பூசி, மறுநாள் வரச்சொல்வது பலருக்கு ஒத்துவராது என்பதால் பல கிளினிக்குகள் ஓரிரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. நேரத்தைக் குறைத்தால் நிறமியும் குறைவாகத்தான் சேரும். விளக்கைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஊறிய பிறகு தண்ணீரால் கழுவி ஒற்றியெடுத்துவிட்டுத்தான் விளக்கு. நடுவில் நிறுத்தவேண்டி வந்தால் மறுபடி தொடங்கக் கூடாது என்பது அட்டையிலேயே உள்ள விதி. ஆகவே கழிப்பறை, தண்ணீர், செல்போன் எல்லாவற்றையும் விளக்கு போடும் முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள்.

சிவப்பு விளக்கின் எண்கள் வேறு: 635 நானோமீட்டர், 37 ஜூல், சுமார் 10 நிமிடம். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 60 மில்லிவாட்டை ஒட்டி. நிறமி குறைவாக வாங்கும் நிறம் என்பதால் அதிகமாகக் கொடுக்கவேண்டியிருக்கிறது. நீலத்தின் 10 ஜூலையும் சிவப்பின் 37 ஜூலையும் பக்கத்தில் வைத்து "இது நாலு மடங்கு சக்தி" என்று விளம்பரம் செய்பவரை நம்பவேண்டாம். பழைய அகலப்பட்டை சிவப்பு விளக்குகளுக்கு 75 ஜூல் என்று இருந்தது, குறுகிய எல்.இ.டி. வந்ததும் அது 37 ஆகக் குறைந்தது. வீணாகும் அலைநீளங்கள் கழிந்துபோனதுதான் காரணம்.

இதற்கான அமெலூஸ் ஜெல்லில் அமிலத்தின் உப்பு 10 சதவீதம். 1 மில்லிமீட்டர் தடிப்பில், திட்டைச் சுற்றி 5 மில்லிமீட்டர் தாண்டிப் பூசி, 10 நிமிடம் உலரவிட்டு, ஒளி புகாத கட்டுப் போட்டு 3 மணி நேரம். காலையில் வந்தவர் மதியம் வீடு திரும்பலாம் என்பது சிவப்புக்கு உண்மையான சாதகம். குறை என்னவென்றால் விளக்கின் தலை தட்டையானது. 5 முதல் 8 சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்கவேண்டும். மூக்கின் பக்கவாட்டு மடிப்பிலும் காதின் பின்னாலும் நிழல் விழும். முழு முகத்தை ஒரே தடவையில் முடிக்க ஆசைப்பட்டால் ஓரங்களில் ஒளி குறையும், திட்டு திரும்ப வருவதும் அங்கேதான்.

வலிக்கு நிறத்தைவிட, சேர்ந்திருக்கும் நிறமியின் அளவும் ஒளி விழும் வேகமும்தான் பொறுப்பு. முதல் சில நிமிடங்கள்தான் கடுமை. குளிர்காற்று ஊதும் கருவி உதவும். நெற்றிக்கும் உச்சந்தலைக்கும் நரம்பை மரக்கச்செய்யும் ஊசி இன்னும் உதவும். மருந்துத் திட்டைச் சுற்றி அட்ரினலின் கலந்த ஊசி போடாதீர்கள். இரத்தக்குழாய் சுருங்கினால் ஆக்ஸிஜன் குறையும். ஆக்ஸிஜன் இல்லாமல் எந்த அலைநீளமும் ஒன்றும் செய்யாது. ஊறும் நேரத்தில் குளிரூட்டுவதும் தவறு, தோல் குளிர்ந்தால் நிறமி குறைவாகவே உண்டாகிறது.

பலன் வராததற்குப் பாதிக் காரணம் தயாரிப்பில். பொருக்கைச் சுரண்டாமல் பூசினால் மருந்து மேலேயே நின்றுவிடும். சுரண்டியதில் இரத்தம் கசிந்து மெல்லிய படலமாக நின்றால், நீல ஒளியின் பெரும்பகுதியை அதுவே குடித்துவிடும். சிவப்பு ஓரளவு தப்பிக்கும். அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்திய பிறகே மருந்து, அதன்பிறகே விளக்கு. விளக்குக்கு முன் உட்ஸ் லாம்ப் என்ற புற ஊதா விளக்கைப் பிடித்துப் பாருங்கள்: பவளச் சிவப்பாக ஒளிர்ந்தால் நிறமி சேர்ந்திருக்கிறது. சிகிச்சை முடிந்ததும் அந்த ஒளிர்வு மங்கியிருக்கவேண்டும்.

நம்மைப்போன்ற மாநிறத் தோலுக்கு ஆக்டினிக் கெரடோசிஸ் அபூர்வம், பருவுக்குப் பி.டி.டி. என்று சொல்பவர்களே இங்கே அதிகம். மெலனின் நீல ஒளியின் ஒரு பங்கைத் தின்றுவிடும், பிறகு வரும் வீக்கம் வடிந்த இடத்தில் கறுப்புத் தழும்பு நிற்கலாம். குறைந்த ஊறல் நேரத்தோடு சிறு பகுதியில் சோதித்துப் பார்க்காமல் முழு முகத்துக்கும் தாவுபவரிடம் போகாதீர்கள். இணையத்தில் விற்கும் எல்.இ.டி. முகமூடிகள் இந்த மதிப்புரையின் எல்லைக்குள்ளேயே வராது. மருந்து இல்லை, பல பெட்டிகளில் மில்லிவாட் எண்கூட இல்லை.

கண்ணுக்குப் போடும் கண்ணாடியும் நிறத்தோடு மாறும். சிவப்பு விளக்குக்கான ஊழியர் கண்ணாடி நீலத்தைத் தடுக்காது. இரண்டு கருவியும் உள்ள இடத்தில் கண்ணாடிகளைத் தனித்தனி டப்பாவில் வையுங்கள். நோயாளியும் லெவுலான் பூசியதிலிருந்து 40 மணி நேரமும், அமெலூஸ் என்றால் 48 மணி நேரமும் வெயில் படாமல் இருக்கவேண்டும். சாதாரண சன்ஸ்கிரீன் இதற்கு உதவாது. அது தடுப்பது புற ஊதாவை, இங்கே சுடுவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். தொப்பியும் துணியும்தான் கதி.

பழைய ப்ளூ-யூ கருவியை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் பவர் மீட்டரோடு போகவேண்டும். உள்ளே இருப்பது ஃப்ளூரசென்ட் குழாய்கள், வயதாக ஆக மங்கும். கன்னம் வரும் இடத்தில் மீட்டரை வைத்து 10க்குப் பதில் 7 மில்லிவாட் காட்டினால், 1000 விநாடியில் 7 ஜூல்தான் சேரும். டைமரைக் கூட்டி ஈடுகட்டிவிடலாம் என்று விற்பவர் சொல்வார். எந்தக் குழாய் மங்கியது என்று தெரியாமல் நேரத்தைக் கூட்டினால் ஒரு கன்னத்துக்கு மிஞ்சும், மறு கன்னத்துக்குப் போதாது. இரு கன்னம், நெற்றி, மோவாய் என நாலு இடத்திலும் அளந்து, எண்களைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.