மேல் வீட்டுச் சத்தத்தை அளக்க நியோஷ் ஆப்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2017-ல் வெளியிட்ட சவுண்ட் லெவல் மீட்டர் ஆப், ஐபோனுக்கு இலவசம். ஆலைத் தொழிலாளர்களின் காதைக் காப்பாற்றச் செய்தது. அதை அப்பார்ட்மென்ட் தகராறுக்கு இழுத்து வந்தால் பாதி நன்றாக வேலை செய்கிறது, மீதி நம்மை முட்டாளாக்கிவிடும்.

திரையில் வரும் ‘டோஸ்’, ‘டிடபிள்யூஏ’ இரண்டையும் கண்டுகொள்ள வேண்டாம். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்ற வரம்பை வைத்துக் கணக்குப் போடுபவை அவை. மேல் வீட்டில் நாற்காலி இழுப்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. நமக்கு வேண்டியது எல்ஏஈக்யூ என்ற சராசரியும் மேக்ஸ் என்ற உச்சமும்தான். நம்மூர் ஒலி மாசு விதிகள் (2000) பேசுவதும் சராசரியைத்தான்: குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45.

ஆப் காட்டும் எண் இரண்டு டெசிபல் கூடக்குறைய இருக்கும் என்று ஆய்வகத்தில் சோதித்து நியோஷ் சொல்கிறது. ஆண்ட்ராய்டுக்கு இந்த ஆப் கிடையாது. ஒவ்வொரு கம்பெனி போனிலும் மைக் ஒவ்வொரு மாதிரி இருப்பதால் சோதித்து உத்தரவாதம் தர முடியாது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ப்ளே ஸ்டோரில் கொட்டிக் கிடக்கும் டெசிபல் ஆப்கள் காட்டும் எண்ணை வைத்து யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள்.

அளக்கும்போது முதலில் சொதப்புவது சீலிங் ஃபேன். அதன் காற்று மைக்கில் நேராக அடித்து எண்ணை ஏற்றிவிடும், அணைத்துவிடுங்கள். போன் உறையைக் கழற்றி, ஸ்டூல் மேல் மடித்த துண்டு போட்டு, சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். சத்தம் இருக்கும்போது ஐந்து நிமிடம், அது நின்றதும் அதே இடத்தில் இன்னொரு ஐந்து நிமிடம். இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் விடுபவர்கள்தான் அதிகம், ஆனால் உயிர்நாடி அதுதான். சத்தத்தோடு 52, சத்தமில்லாமல் 49 என்றால் மேல் வீட்டின் பங்கும் ஏறத்தாழ 49-தான். தெருச் சத்தமே அவருக்குச் சமமாக நிற்கிறது. வித்தியாசம் 10-ஐத் தாண்டினால் பின்னணியை மறந்துவிடலாம்.

பலரும் ஏமாறுவது சப்வூஃபரில். நெஞ்சு அதிர்கிறது, ஆப் 38 என்கிறது. ஆப் பொய் சொல்லவில்லை. ஏ என்ற அளவுமுறை, 63 ஹெர்ட்ஸில் வரும் பேஸ் ஒலியை 26 டெசிபல் குறைத்தே எடுத்துக்கொள்ளும். செட்டிங்கில், பேஸை அவ்வளவாகக் குறைக்காத சி அளவுமுறைக்கு மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். சி எண் ஏ-யைவிட 15, 20 கூடினால் பிரச்சினை வால்யூம் மட்டுமல்ல, பேஸும்தான். அப்போது ‘டிவி சத்தத்தைக் குறைங்க’ என்று கேட்பதில் பயனில்லை. வூஃபரை மட்டும் குறைத்து, அறை மூலையிலிருந்து நகர்த்தி வைக்கச் சொல்ல வேண்டும்.

ஆன்லைனில் விற்கும் மலிவு விலைக் கைமீட்டர்களோடு ஒப்பிட்டால் ஆப்பே மேல் என்பேன். அவற்றில் பலவற்றில் சராசரி கிடையாது, மேக்ஸ் ஹோல்டு மட்டும்தான். ஒரு கதவு ‘டமால்’ என்று சாத்தினால் அந்த எண்ணே அங்கே நின்றுவிடும். பெட்டியில் போட்டிருக்கும் ‘1.5 டெசிபல் துல்லியம்’ பெரும்பாலும் 94 டெசிபல், 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சொல்வது. நள்ளிரவுப் படுக்கையறைக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

ஆப் தரும் ரிப்போர்ட்டை ஆதாரம் என்று ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வரம்பைவிட 10 டெசிபல் அதிகமானாலோ, இரவுக் கட்டுப்பாடுகள் மீறப்பட்டாலோ புகார் கொடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் உங்கள் போன் சொன்ன எண் அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதைவிட மோசம். நாற்பது வீட்டுக்கு முன்னால் எண்ணைக் காட்டி அவமானப்படுத்திவிட்டால் மேல் வீட்டுக்காரர் இறங்கி வர மாட்டார்.

இந்த ஆப்பின் நிஜமான பயன் எந்தச் சத்தம், எங்கிருந்து என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது. தேதி, மணி, எவ்வளவு நேரம், சத்தத்தோடும் சத்தமில்லாமலும் வந்த இரண்டு எண்கள் என ஒரு வாரம் நோட்டில் எழுதினால் போதும், ‘எப்பப் பார்த்தாலும் சத்தம்’ என்பது ‘தினமும் காலை 5.10-க்கு எட்டு நிமிடம்’ என்று சுருங்கிவிடும். எட்டு நிமிடம் என்றால் அநேகமாக மொட்டை மாடி பிரஷர் பம்ப். தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் தூண் வழியே எல்லா வீட்டுக்கும் அதிர்வு இறங்கும். அடியில் ரப்பர் பேடும், குழாய் சேரும் இடத்தில் வளையும் இணைப்பும் போட்டுவிட்டு மறுபடி அளங்கள். கிரானைட் மேடை மிக்ஸிக்கும் அதே வைத்தியம். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டினால் தீரும்.

மேல் வீட்டுக்காரரிடம் போனை நீட்டுவதற்கு முன் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “சார், உங்க வீட்டுல யாரையாவது மிக்ஸியைப் போடச் சொல்லிட்டு, நீங்க கீழ எங்க ரூமுக்கு வந்து ஒரு நிமிஷம் நின்னு கேளுங்களேன்.” அவர் காதால் கேட்ட பிறகு எண்ணைக் காட்டினால் மறுத்துப் பேச மாட்டார்.