வீட்டு சர்வராக ராஸ்பெர்ரி பை 5: குறியாக்கத்துக்காகவே வாங்கலாம்

வீட்டில் கோப்புகளையும் புகைப்படங்களையும் சேமித்து வைக்க ஒரு சிறிய சர்வரைத் தேடுகிறவர்கள், ஒற்றைப் பலகையில் அமைந்த சிறு கணினியான ராஸ்பெர்ரி பை 5 குறித்து முதலில் கேட்பது அதன் வேகத்தைத்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கார்டெக்ஸ் ஏ76 கோர்கள் கொண்ட இந்தப் பலகை இதற்கு முந்தைய பை 4-ஐவிடப் பெருமளவு வேகமானது என்பது உண்மையே. ஆனால், 2023 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இதை நான் சர்வராக மதிப்பதற்கு வேறொரு காரணம் உண்டு: கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றும் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான கட்டளைகள் ப்ராசசரிலேயே அமைந்த முதல் பை இதுதான்.

பை 4-இல் அந்த வசதி இல்லாததால், சேமிப்பகம் முழுவதையும் ஏஇஎஸ் கொண்டு லக்ஸ் என்ற லினக்ஸ் வட்டுக் குறியாக்க முறையில் பூட்டினால் படிப்பதும் எழுதுவதும் வெகுவாக மந்தமாகிவிடும். அதைத் தவிர்க்க விரும்பியவர்கள் அடியான்டம் என்ற மாற்று முறையை நாடினார்கள். பை 5-இல் ஏஇஎஸ்ஸையே தயங்காமல் பயன்படுத்தலாம். கிகாபிட் ஈதர்நெட் வழியாகப் பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது நெட்வொர்க்தான் எல்லையாக நிற்கிறதே தவிர, குறியாக்கம் அன்று. சர்வர் களவுபோனாலும், பழுதான எஸ்எஸ்டியை மாற்றித் தர அனுப்ப நேர்ந்தாலும், அதிலுள்ள குடும்பப் படங்களும் ஆவணங்களும் பிறர் கண்ணில் படாது என்ற நிம்மதி எனக்கு வேகத்தைவிடப் பெரிது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மின்தடைக்குப் பின் சர்வர் தானாக எழுந்தாலும், இயங்குதளம் இருக்கும் பகுதியும் பூட்டப்பட்டிருந்தால், கடவுச்சொல் கிடைக்கும்வரை தொடக்க நிலையிலேயே காத்திருக்கும். நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைய உதவும் டிராப்பேர் என்ற சிறிய எஸ்எஸ்எச் சர்வரைத் தொடக்கக் கோப்புகளுடன் சேர்த்துவிட்டால், திரையும் விசைப்பலகையும் இல்லாமல் வேறொரு கணினியிலிருந்தே பூட்டைத் திறக்க முடியும். இதை அமைக்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க வேண்டியிருக்கும். ஆனாலும் தவிர்க்கக் கூடாத வேலை இது.

சேமிப்புக்கு மெமரி கார்டை நம்ப வேண்டாம். இடைவிடாமல் பதிவுக் குறிப்புகள் எழுதப்படும் சர்வரில் அது விரைவில் தேய்ந்துபோகும்; என்னுடைய பழைய ராஸ்பெர்ரி பையில் ஒரு கார்டு முன்னறிவிப்பே இல்லாமல் படிக்க மட்டுமே முடிகிற நிலைக்குப் போய்விட்டது. பை 5-இல் உள்ள பிசிஐஇ என்ற அதிவேக இணைப்பில் எம்.2 ஹேட் என்ற துணைப் பலகையைப் பொருத்தி, என்விஎம்இ வகை எஸ்எஸ்டியிலிருந்தே இயங்குதளத்தைத் தொடங்கலாம். அந்த இணைப்பு இரண்டாம் தலைமுறை வேகத்துக்கே சான்றளிக்கப்பட்டது. அமைப்புக் கோப்பில் மூன்றாம் தலைமுறைக்கு மாற்ற முடியும் என்றாலும், நொடிக்கு 125 மெகாபைட்டைத் தாண்டாத நெட்வொர்க்கின் பின்னால் இருக்கும் சர்வருக்கு அந்தத் துணிச்சல் தேவையில்லை.

மின்சாரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இதற்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். 65 வாட் என்று எழுதப்பட்ட மடிக்கணினி சார்ஜர்களில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் மட்டுமே தருகின்றன. அந்நிலையில் யுஎஸ்பி துளைகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும் என்பதால், வெளிப்புற ஹார்டு டிஸ்க் அடிக்கடி துண்டிக்கப்படலாம். 27 வாட் அதிகாரபூர்வ அடாப்டரையும் மின்விசிறியுடன் கூடிய ஆக்டிவ் கூலரையும் பலகையோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வீடியோக்களை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும் மீடியா சர்வர் வேண்டுமென்றால் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சுருக்கப்பட்ட வீடியோவை விரிக்கும் வன்பொருள் டிகோடர் இதில் எச்இவிசி என்ற வீடியோ வடிவத்துக்கு மட்டுமே உரியது. வீடியோவைச் சுருக்கும் வன்பொருள் என்கோடரோ அறவே இல்லை. கோப்புச் சேமிப்பு, கடவுச்சொல் பெட்டகம், வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்கில் பாதுகாப்பாக இணைய உதவும் வயர்கார்டு விபிஎன் ஆகியவற்றுக்கு 4 ஜிபி நினைவகம் போதும்.

வாங்கி அமைத்த முதல் நாளிலேயே பூட்டைத் திறக்கத் தேவையான விவரங்கள் இருக்கும் லக்ஸின் தலைப்புப் பகுதியை நகலெடுத்து, சர்வருக்கு வெளியே பாதுகாப்பாக வையுங்கள். அந்தச் சிறு பகுதி சிதைந்துபோனால், சரியான கடவுச்சொல் கையில் இருந்தாலும் தரவு திரும்பக் கிடைக்காது.