காற்றடிக்கும் கயாக்: முட்டுக்காட்டில் எல்லாப் பருவத்திலும் ஓட்டிய பிறகு

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு கழிமுகத்தில் நான் ஓட்டுகிற காற்றடிக்கும் கயாக், அதாவது துடுப்புப் போடுகிற சின்னப் படகு, விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்ட நேரத்தில் நான் இடது டியூபுக்கு மறுபடியும் ஒட்டுப் போட்டு, அதன் மேல் கனமாக ஒரு அம்மிக்குழவியை ஏற்றி வைத்திருந்தேன். அதனால் இதில் கொஞ்சம் கோபம் இருக்கும்.

இரண்டு பேர் உட்காருகிற ரகம். உள்ளே பிவிசி டியூப், மேலே பாலியஸ்டர் துணி உறை. மற்ற விவரமெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கிறார்கள். என் சண்டை முழுக்க அந்தத் துணி உறையோடுதான்.

தண்ணீரில் இருக்கும்வரை இதன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. தை, மாசியில் காலை ஆறு மணிக்கு கோவளம் பக்கம் இறக்கிப் பாருங்கள். மழை முடிந்து முகத்துவாரம் திறந்திருக்கும், கடல் தண்ணீர் உள்ளே வந்து போகும், காற்று இருக்காது. இன்ஜின் சத்தம் இல்லாததால் கூழைக்கடாக்கள் அலட்டிக்கொள்ளாமல் மிதந்துகொண்டிருக்கும், கொஞ்சம் தள்ளி நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். மடவை மீன் துள்ளி துடுப்புக்குப் பக்கத்தில் விழும். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பாலத்துத் தூண்களிடம் மட்டும் ஜாக்கிரதை, அதில் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பியும் கொட்டலசும் பிளேடு மாதிரி கிழிக்கும்.

சித்திரை, வைகாசியில் முகத்துவாரத்தில் மணல் ஏறி அடைத்துக்கொண்டால் தண்ணீர் இறங்கிவிடும், பல இடத்தில் முழங்கால் ஆழம்கூட இருக்காது. மற்ற படகு தரைதட்டுகிற இடத்திலும் இது போகும், ஒரு சாண் தண்ணீர் போதும், ஆனால் அடியில் மீன் துடுப்பு மாதிரி இருக்கும் ஃபின்னைக் கழற்றிவிட வேண்டும், கழற்றினால் படகின் மூக்கு நேராக நிற்காமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அலையும். அந்த ஆழமில்லாத தண்ணீரில்தான் பனையோலைப் பறியை (மீன் கூடையை) பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் இருப்பார்கள். "அந்தாண்ட சேறு, இந்தாண்ட வா தம்பி" என்று அவர்களில் ஒரு அம்மா கை காட்டிய தடத்தில்தான் இன்றைக்கும் கோடையில் போகிறேன். பகல் ஏற ஏற கடல் காற்று கிளம்பிவிடும், காற்றடித்த படகு தண்ணீருக்கு மேலே உயரமாக நிற்பதால் ஒரேயடியாக மேற்கே தள்ளும், கிழக்கே திரும்பி வருவதற்குள் தோள் விட்டுப்போகும். வெயிலில் கரையில் போட்டு வைப்பதானால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள், உள்ளே சூடேறி அழுத்தம் கூடினால் டியூபின் ஒட்டு விட்டுவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் பெரிய மழை பெய்தால் நான் இறங்குவதே இல்லை. தென்சென்னையின் வெள்ளம் பள்ளிக்கரணை சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து இந்தக் கழிமுகத்தில்தான் கடலில் சேருகிறது. செம்மண் நிறத்தில் ஆகாயத்தாமரையும் குப்பையும் சேர்ந்து ஓடும், இழுப்பு நேராகக் கடலுக்கு. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் சரி, அதில் வீரம் காட்ட வேண்டாம்.

சரி, உறைக்கு வருகிறேன். கரையேறும்போது காலோடு வருகிற மணல் உறைக்கும் டியூபுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மடித்து வைத்தால், அடுத்த முறை காற்றடிக்கும்போது அந்த மணல் டியூபை அரம் போட்டுத் தேய்க்கிறது. இப்போது ஒட்டின ஓட்டையும் அப்படி வந்ததுதான், வெளியே ஒரு கீறல் இல்லை. வாங்கிய இடத்தில் கேட்டால் துடைத்து வைத்தால் போதும் என்கிறார்கள். போதாது. ஜிப்பைத் திறந்து டியூபை உருவி, இரண்டையும் நல்ல தண்ணீரில் அலசி, தனித்தனியாகக் காயவைத்து, திரும்ப முறுக்கிக்கொள்ளாமல் நுழைக்க வேண்டும், முறுக்கிக்கொண்டால் காற்றடிக்கும்போது ஜிப் பிய்த்துக்கொள்ளும். ஓட்டுகிற நேரத்தைவிட இதற்கு ஆகிற நேரம் அதிகம். கோடையில் வெயில் காப்பாற்றிவிடும். மார்கழியில் மழை விட்ட நாளாகப் பார்த்துப் போய்வந்தால் துணி நாள்கணக்கில் ஈரமாகக் கிடக்கும், தையல் ஓரமெல்லாம் கருப்பாகப் பூஞ்சை, பால்கனி முழுக்க சேற்று நாற்றம்.

ஒட்டுப் போடுவதற்கு ஒரு வார்த்தை: சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷன் பிவிசியில் நிற்காது. பிவிசி பசைதான் வேண்டும். ஒட்டும் துண்டை வட்டமாக வெட்டுங்கள், மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியும். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, கையில் பிசுபிசுவென்று வரும்வரை விட்டு, அப்புறம் அழுத்தி ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வையுங்கள்.

இதை வைத்துக்கொண்டு நான் பார்த்த காலைகள் வேறு எதிலும் கிடைத்திருக்காது, அது உண்மை. ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்காதே. மொட்டைமாடி இருந்தால் யோசிக்கலாம், அடுக்ககத்தில் இருந்துகொண்டு துணி உறை ரகம் வேண்டவே வேண்டாம். உறையில்லாத, வெளியிலேயே பிவிசி இருக்கிற ரகமாகப் பாருங்கள், கொஞ்சம் கனம் கூடும், ஆனால் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் வேலை முடிந்தது. இதன் விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் நான் இதையேதான் சொல்வேன்.