பழுதான பிரெம்போ பிரேக்: அப்படியே விற்பதா, திருத்தி விற்பதா?

சுபாரு இம்ப்ரெசா எஸ்ரிஐ (STI) என்ற வேகக் கார் ஒன்றின் பிரெம்போ பிரேக் கலிப்பர்கள் முன்னும் பின்னுமாக முழுச் செற் என்னிடம் இருந்தது. கலிப்பர் என்பது உள்ளே இருக்கிற பிஸ்டன்களால் பேட்டைத் தள்ளிச் சக்கரத்தின் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்துகிற பாகம். பெயின்ற் உரிந்து போயிருந்தது. முன் கலிப்பர்களில் பிஸ்டன்கள் இறுகியிருந்தன. பின் கலிப்பர் ஒன்றில் பிளீட் நிப்பிள், அதாவது உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறிய திருகு, வேரோடு முறிந்திருந்தது. முன் சோடியைத் திருத்தி விற்றேன். பின் சோடியைப் பழுதோடு அப்படியே கொடுத்தேன். இரண்டு வழியிலும் போய்ப் பார்த்த பிறகு என் பக்கம் தெளிவாகவே இருக்கிறது: மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்துகொண்டு இப்படியான சாமானை விற்பவருக்குத் திருத்தி விற்பதுதான் நல்லது. அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கீழே பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் இங்கே கனபேர் செய்கிற மூன்றாவது வழியைச் சொல்லிவிடுகிறேன். கம்பி பிரஷால் தேய்த்து, சிவப்போ பொன்னிறமோ ஸ்பிரே அடித்து, எழுத்து ஸ்ரிக்கரை ஒட்டி, படம் எடுத்துப் போடுவது. படத்தில் புதுச் சாமான் போலவே தெரியும், நல்ல விலைக்கும் போகும். உள்ளே இறுகிய பிஸ்டன் இறுகியபடியே இருக்கும். வாங்கியவர் பதுளையிலிருந்து இறங்கும்போதோ, மகியங்கனையின் பதினெட்டு வளைவில் இறங்கும்போதோதான் அது தெரியவரும். விற்பது பிரேக். பின் சீட்டில் அவருடைய பிள்ளைகள் இருப்பார்கள். இந்த வழியை ஒப்பீட்டில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. சந்தையில் அதிகம் கிடப்பது இதுதான் என்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

அப்படியே விற்பதன் நல்ல பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மினக்கெட வேண்டாம், காசு உடனே கைக்கு வரும், "பழுது இது இது" என்று எழுதிவிட்டால் பின்னால் பேச்சுக் கேட்க வேண்டியதில்லை. குறை இருப்பது விலையில்தான். இறுகிய பிஸ்டன் என்று எழுதிய உடனே வாங்குகிறவர் உள்ளே இன்னும் என்னென்ன இருக்குமோ என்று கணக்குப் போட்டுத்தான் விலை சொல்லுவார். அதில் நியாயமும் இருக்கிறது. கழற்றிப் பார்க்காத கலிப்பருக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

ஆனாலும் சில சாமானுக்கு அதுவே சரியான வழி. என் பின் சோடி அப்படியானது. பிளீட் நிப்பிள் எஃகு, கலிப்பர் அலுமினியம். இரண்டு உலோகம் சேர்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். முன்னால் யாரோ பலம் போட்டுத் திருப்பியதில் முறிந்து, பிறகு துளை போட்டு எடுக்கப் பார்த்ததில் அடியும் சிதைந்திருந்தது. ஆரையம்பதிப் பக்கம் லேத் வேலை செய்கிற ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, புரி போனா புதுப் புரி வெட்டித் தருவன். இது அடியில நிப்பிள் குந்துற இடமே போயிற்று. அதுக்கு நான் பொறுப்பெடுக்கமாட்டன்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நிப்பிளில் எண்ணெய் கசியாமல் தடுப்பது புரி அல்ல, அதன் கூம்பு நுனி போய் அழுத்துகிற அடி இருக்கைதான். அது கெட்ட கலிப்பரைத் திருத்தினேன் என்று சொல்லி யாருக்கும் கொடுக்க முடியாது. "பாகங்களுக்கு மட்டும், காரில் பூட்ட அல்ல" என்று எழுதித்தான் விற்றேன். வாங்கியவருக்கு அதிலிருந்த பிஸ்டன்களும் பேட்டைத் தாங்குகிற பின்களும் (pins) தேவைப்பட்டன.

முழுச் செற்றாக விற்றால் விலை கூடும் என்பது உண்மைதான். முன்னுக்குப் பெரிய பிரேக் பூட்டிப் பின்னுக்குப் பழையதை விட்டால் பிரேக் பிடிக்கும் சமநிலை மாறும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் நான்கையும் சேர்த்துத்தான் தேடுவார்கள். அதற்காகக் கெட்ட ஒன்றைச் செற்றுக்குள் மறைத்து அனுப்ப முடியாது.

இனித் திருத்தும் வழி. தொடக்கத்தில் சொன்ன நிபந்தனை இங்கேதான் வருகிறது. தீர்மானிக்கிற விஷயம் ஒன்றே ஒன்று: சீல் உட்காருகிற தவாளிப்பு.

கலிப்பருக்குள் ஒவ்வொரு பிஸ்டனையும் சுற்றிச் சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் சீல் இருக்கும். அது இருப்பது பிஸ்டனில் அல்ல. பிஸ்டன் ஓடுகிற குழியின் சுவரில் சுற்றிவர வெட்டிய தவாளிப்புக்குள். பெடலை மிதித்ததும் பிஸ்டன் முன்னால் போகும், சீலும் அதோடு கொஞ்சம் முறுகும். காலை எடுத்ததும் அந்த முறுக்கு விடுபட்டுப் பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். பேட் டிஸ்க்கை விடுவது இந்த மயிரிழையால்தான். அதை இழுக்க ஸ்பிரிங் எதுவும் உள்ளே கிடையாது.

அலுமினியத்துக்குக் கறள் பிடிக்காது என்பார்கள். சிவப்புக் கறள் பிடிக்காதுதான். திருநீறு போல வெள்ளைத் தூள் பிடிக்கும். அது தவாளிப்பின் அடியில், சீலுக்குப் பின்னால் படிந்து இறுகினால் சீலை உள்ளிருந்து வெளியே தள்ளும். சீல் பிஸ்டனின் கழுத்தை நெரிக்கும். முன்னால் போன பிஸ்டன் திரும்பி வராது. பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கும், ஒரு பக்க ரிம் கையால் தொட முடியாத அளவுக்குச் சுடும், பெற்றோல் செலவு கூடும், பேட் சரிவாகத் தேயும். இப்படிப்பட்ட கலிப்பருக்குப் புதுச் சீல் கிற் மட்டும் போட்டால் என்ன நடக்கும்? புதுச் சீலும் அதே தூளின் மேல்தான் போய் உட்காரும். சில மாதத்தில் அதே வருத்தம் திரும்ப வரும். "சீல் மாத்தியாச்சு" என்று சொல்லி விற்கிற சாமான்களில் நான் முதலில் கேட்பது தவாளிப்பைச் சுரண்டிய படம்தான்.

நம் பக்கத்தில் இது கூடுதலாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. மட்டக்களப்பில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. திருகோணமலை வீதியிலும் கல்முனை வீதியிலும் ஓடுகிற காரில் பிரெம்போ ஒரு நாளும் நன்றாகச் சூடேறாது. மலைநாட்டில் பிரேக் கெடுவது சூட்டால், இங்கே கெடுவது சும்மா நிற்பதால். கல்லடி, நாவலடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக உள்ள இடத்தில் வாடைக்காற்று வீசுகிற மாதங்களில் காரை நிறுத்தி வைத்தால் உப்பு ஈரம் பிஸ்டனை மூடுகிற தூசி ரப்பருக்குள் போய் நிற்கும். அதைக் காய வைக்க சூடும் வராது. பிரேக் எண்ணெயும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 (DOT 4) வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியதற்கு அந்த எல்லை 155 பாகைதான். கொதிப்பது ஒரு பிரச்சினை. உள்ளே இருக்கிற ஈரம் உலோகத்தைத் தின்பது இன்னொன்று, நம் பக்கத்துக்கு அதுதான் பெரிது.

ஆகவே நான் திருத்தியது என்று சொல்வது இதைத்தான். முன் கலிப்பர் ஒவ்வொன்றிலும் உள்ள நான்கு பிஸ்டனையும் வெளியே எடுக்க வேண்டும். கொம்பிரசர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விட்டு, நடுவில் பலகைத் துண்டு வைத்து, இலகுவாக வருகிற பிஸ்டன்களைக் கிளாம்பால் பிடித்துக்கொண்டு இறுகியதை முதலில் வெளியேற்றுவது. விரலை உள்ளே விடவே கூடாது, பிஸ்டன் வெடித்தது போலப் பாயும். பிஸ்டனைப் பிளையரால் கடித்து இழுத்தால் மேற்பூச்சுப் போய்விடும், அந்தப் பிஸ்டன் அதோடு சரி. கலிப்பரின் இரண்டு பாதிகளையும் இணைக்கிற பெரிய போல்ற்களை நான் தொடவில்லை. சரியான இறுக்கத்தில் திரும்பப் பூட்டும் கருவி இல்லாதவர் அதில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

தவாளிப்பைச் சுரண்ட எஃகு ஸ்குரூடிரைவர் வேண்டாம். பித்தளையோ கூர் சீவிய மூங்கிலோ போதும். தூள் போய் வெறும் உலோகம் சமமாகத் தெரிகிற வரை சுரண்ட வேண்டும். இதற்குத்தான் நேரம் போகும், கண்ணும் வலிக்கும். சுரண்டிய பிறகு உலோகத்தில் ஆழமான குழி தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு "பாகங்களுக்கு" என்று எழுதுங்கள்.

கழுவுவது பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கராஜ்களில் எல்லாச் சாமானையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுகிற பழக்கம் இருக்கிறது. கியர்பொக்ஸுக்கு அது சரி. பிரேக் சீலின் ரப்பர் பிரேக் எண்ணெய்க்கு ஏற்றது, பெற்றோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருக்கும். ஒரு மூலையில் கொஞ்சம் மிஞ்சினாலும் புதுச் சீல் கெடும். பிரேக் கிளீனரோ ஸ்பிரிற்றோ பாவித்து, காற்றடித்து, வடிவாகக் காயவிட வேண்டும். பூட்டும்போது சாதாரண கிரீஸும் கூடாது. ரப்பர் கிரீஸோ புதுப் பிரேக் எண்ணெயோதான். பழைய பெயின்றை எடுக்கக் காஸ்ரிக் சோடாவில் ஊறப்போடச் சொல்பவர்களும் உண்டு. அது அலுமினியத்தையே கரைக்கும்.

பெயின்ற் கடைசி வேலை. பிரேக் எண்ணெய் பட்டால் உரியாத, சூடு தாங்கும் பெயின்ற் வேண்டும். பேட் உட்காருகிற இடத்திலும் குழியின் விளிம்பிலும் பெயின்ற் படக்கூடாது. பவுடர் கோற்றிங் அடித்தால் அதைவிட உறுதியாக இருக்கும் என்று செய்தவர்கள் சொல்கிறார்கள். ஏறக்குறைய 200 பாகையில் சுடுவதால் சீல் எதுவும் உள்ளே இல்லாமல் செய்ய வேண்டும். அப்படிச் செய்த செற்றை நம் கடற்காற்றில் ஒரு மாரிகூட நான் பாவித்துப் பார்த்ததில்லை, ஆகவே அதில் என் சொல்லைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அதேபோல் என் அனுபவம் இந்த நான்கு பிஸ்டன் வகையோடு நிற்கிறது. ஆறு பிஸ்டன், காபன் செராமிக் டிஸ்க் என்று போனால் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பூட்டிய பிறகு பெடலை மிதிக்கும்போது எண்ணெயை அழுத்துகிற மாஸ்ரர் சிலிண்டர் பழையது ஒன்றைப் பலகையில் பொருத்தி, பிஸ்டன்கள் வெளியே பாயாமல் மரத்துண்டு வைத்து, அழுத்தம் கொடுத்து இரவு முழுக்கப் பத்திரிகைத் தாளின் மேல் விட்டேன். தாளில் ஒரு சொட்டுக்கூட இல்லை. விடும்போது நான்கு பிஸ்டனும் ஒரே அளவில் பின்வாங்கியதைக் காணொளி எடுத்து வைத்தேன்.

விற்பனையில் கை கொடுத்தது இந்தக் காணொளியும் தவாளிப்புப் படங்களும்தான். மட்டக்களப்பில் எஸ்ரிஐயோ மிற்சுபிஷி எவோவோ வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? வாகன் ஆர், அக்சியோ, வெசெல் ஓடுகிற ஊர் இது. இந்தக் கலிப்பர் 15 அங்குல ரிம்முக்குள் அடங்கவும் மாட்டாது, 17 வேண்டும். வாங்குகிறவர் கொழும்பு, கண்டி, நீர்கொழும்புப் பக்கம் இருப்பார். தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில், சாலியபுர கஜபா போன்ற காரோட்டப் போட்டிகளுக்குப் போகிறவராகவும் இருக்கலாம். கொழும்பில் வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் இருக்கிற கடைக்காரரிடம் அவர் நேரில் போய்ச் சாமானைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். நம்மிடம் அது நடக்காது. 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து காசு அனுப்புகிறவருக்கு உள்ளே திறந்து காட்டினால்தான் நம்பிக்கை வரும். அப்படியே விற்கும்போது காட்ட எதுவும் இல்லை. பெயின்ற் மட்டும் அடித்தவரிடம் காட்டக் கூடியது வெளிப்பக்கம்தான். என் முன் சோடிக்கு நான் சொன்ன விலையில் வாங்கியவர் பெரிதாகப் பேரம் பேசவில்லை. அவர் கேட்டதெல்லாம் தவாளிப்பைப் பற்றித்தான்.

தேவை குறையும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. வயது கூடிய பாவித்த காரை இறக்குமதி செய்ய நம் நாட்டு விதிகள் விடுவதில்லை. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்திருந்தாலும் பழைய எவோ, எஸ்ரிஐ புதிதாக வரப்போவதில்லை. நாட்டுக்குள் இருப்பவற்றைத்தான் திருத்தித் திருத்தி ஓட வேண்டும்.

விளம்பரத்தில் எந்த மாடல், எந்த ஆண்டு என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். எஸ்ரிஐயில் 2005 மாடலிலிருந்து சக்கர போல்ற்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் 100இலிருந்து 114.3 மில்லிமீற்றராக மாறியது, டிஸ்க்கும் சேர்த்துக் கொடுத்தால் இது முக்கியம். இந்த நான்கு பிஸ்டன் கலிப்பரோடு வருகிற எஸ்ரிஐயின் முன் டிஸ்க் 326 மில்லிமீற்றர், எவோ 5 முதல் 9 வரையானவற்றினது 320. பழைய டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்பை வேர்னியரால் அளந்து பார்த்து, அதற்குக் கீழே போயிருந்தால் இரும்புக்காரரிடம் போடுங்கள், எந்த விலைக்கும் காருக்குக் கொடுக்காதீர்கள்.

பொதி கட்டும்போது எண்ணெய்த் துளைகளை அடைத்து, இடது எது வலது எது என்று ஒவ்வொன்றிலும் எழுதி அனுப்புங்கள். பக்கம் மாறிப் பூட்டினால் பிளீட் நிப்பிள் கீழே வந்துவிடும், மேலே தங்கிய காற்று எத்தனை தரம் பெடலை அடித்தாலும் வெளியேறாது, பெடல் பஞ்சாகவே இருக்கும். முன் கலிப்பரில் சிறிய பிஸ்டனும் பெரிய பிஸ்டனும் பேட் சமமாகத் தேயவென்று கணக்குப் பார்த்து வைக்கப்பட்டவை, அந்தக் கணக்கும் தலைகீழாகும்.