கழிவுநீரில் ஆன்டிபயாடிக்: பாக்டீரியாவா, ஓசோனா, கரியா?

நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக்கில் ஒரு பங்கு உடலில் மாறாமலே சிறுநீரில் இறங்கிச் சாக்கடைக்குப் போகிறது. அங்குள்ள கிருமிகள் அதைத் தாங்கப் பழகிக்கொள்கின்றன. மருந்தை நீக்கப் பேசப்படும் பாக்டீரியா, ஓசோன், கரி ஆகிய வழிகளில் என் மனம் பாக்டீரியா பக்கம்தான். ஆனால் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது.

மண்ணிலிருந்து எடுத்த சில பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக்கை மட்டுமே தின்று வளர்வதை 2008-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பென்சிலினின் நடுவே நான்கே அணுக்களாலான ஒரு வளையம் உண்டு, வளைத்துக் கட்டிய மூங்கில்போல விறைப்பானது. பாக்டீரியாவின் நொதி அதில் தண்ணீரைச் சேர்த்ததும் வளையம் தெறித்துத் திறக்கிறது. மருந்தின் வேலை அதோடு முடிந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக் அவ்வளவு லேசில் மசியாது. சுத்திகரித்த நீரில் குறைந்திருக்கும், ஆனால் பெரும்பகுதி உடையாமல், சுத்திகரிப்பில் அடியில் படியும் சகதியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சகதியை வயலுக்கு உரமாகப் போட்டால்? அதனால் 'இத்தனை சதவீதம் நீக்கம்' என்று யாராவது சொன்னால், மருந்து உடைந்ததா, இடம் மாறியதா என்று முதலில் கேளுங்கள்.

கிளர்வூட்டிய கரி, அதாவது நுண்துளைகள் நிறைந்த கரி, விஷயத்திலும் இதே கேள்விதான். கரி மருந்தைப் பிடித்துவைக்கும், உடைக்காது. நீரிலுள்ள மற்ற கரிமப் பொருள்களும் அதன் துளைகளை அடைத்துக்கொள்ளும்.

நீரில் செலுத்தும் ஓசோன் வாயு பல மருந்துகளை நிமிடங்களில் உடைத்துவிடும். வேகத்தில் பாக்டீரியா அதன் கிட்டவே வராது. ஆனால் மின்சாரம் நிறைய தின்னும். நீரில் புரோமைடு என்ற உப்பு இருந்தால் தீங்கான புரோமேட் உண்டாகும். உடைந்த துண்டுகளைக் களைய அப்புறம் நுண்ணுயிர்கள் வளரும் ஓர் உயிரி வடிகட்டியும் தேவைப்படும்.

சரி, எதை எங்கே வைப்பது? மருந்து ஆலையில் ஒரே மருந்து செறிவாக வருகிறது. அங்கே ஒரு தொட்டியில், அதைத் தின்னும் பாக்டீரியாவை ஒட்டி வளரத் தாங்கும் சிறு துண்டுகளின்மேல் படலமாக வளர்ப்பேன். ஊர்ச் சாக்கடையில் மருந்து லிட்டருக்கு நானோகிராம், மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும். அதை நம்பி எந்தப் பாக்டீரியாவும் குடித்தனம் நடத்த முடியாது. நாம் விட்ட இனத்தை மற்ற இனங்கள் நெருக்கித் தள்ளும், புரோட்டோசோவா என்னும் ஒருசெல் உயிர்கள் தின்னும். அங்கே வழக்கமான சுத்திகரிப்புக்குப் பின் ஓசோன்தான் சரி.

ஒரு கவலை மட்டும் என்னை விடவில்லை. பென்சிலினை உடைக்கும் அந்த நொதிதான் நோய்க்கிருமிகளையும் பென்சிலினிடமிருந்து காக்கிறது. அதன் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. ஆகவே அந்தத் தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் இடத்தில் பாக்டீரியா செல்கள் தப்பாதபடி சவ்வு வடிகட்டி வேண்டும். வெளியேறும் நீரில் மருந்தின் அளவோடு எதிர்ப்பு மரபணுக்களையும் அளக்க வேண்டும்.