பாக்கெட்டைப் பிரிக்க எது நல்லது: பேனாக்கத்தியா, கத்தரிக்கோலா, கட்டரா?

பால், இட்லி மாவு, மசாலாப் பொடி, எண்ணெய், கூரியரில் வரும் டப்பா என்று வீட்டில் தினமும் எதையாவது வெட்டித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. சட்டைப் பையில் ஒரு மடக்குக்கத்தி இருந்தால் எல்லாவற்றுக்கும் போதும் என்பார்கள் கத்திப் பிரியர்கள். எனக்கும் கத்தி பிடிக்கும். இருந்தாலும் சாப்பாட்டுப் பாக்கெட் என்று வந்தால் என் ஓட்டு கத்தரிக்கோலுக்குத்தான்.

எண்ணெய் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பை கையில் நிற்காமல் நெளியும். மூலையில் கத்தியை வைத்து இழுத்தால் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்குமே தவிர அறுபடாது. அறுபட வேண்டுமென்றால் அது விறைப்பாக நிற்க வேண்டும். அதற்கு இன்னொரு கையால் மூலையை இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போது கத்தி போகிற வழியில் நம் கட்டைவிரல் இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று அறுந்து, எண்ணெய் அடுப்பு மேடையில் ஓடும். கத்தரிக்கோலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஓர் அலகு கீழே தாங்க, இன்னொன்று மேலிருந்து வெட்டும். பை எவ்வளவு தொளதொளத்தாலும் கவலையில்லை. ஓட்டையின் அளவும் நம் கையில்: எண்ணெய்க்குச் சின்னதாக, மாவுக்குப் பெரிதாக.

காற்றை உறிஞ்சி அடைத்த பனீரிலும் இதே கதைதான். உறை பனீரோடு ஒட்டிக்கிடப்பதால், கத்தி முனை உறையோடு சேர்த்து உள்ளே இருப்பதையும் கீறும். கத்தரிக்கோலால் ஓரத்து ஒட்டுப் பட்டையை வெட்டினால் பனீர் முழுசாக வரும்.

சரி, கத்தரிக்கோலுக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பால் பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டிப் போட்டுவிடும். அந்தக் குட்டி முக்கோணம் சிங்க்கின் சல்லடையில் போய் ஒட்டும், இல்லையென்றால் குப்பையோடு போகும். பால் கவரைச் சேர்த்து எடைக்குப் போடுகிறவர்கள்கூட அதைப் பொறுக்குவதில்லை. முக்கால்வாசி வெட்டி நிறுத்தினால் மூலை கவரோடு தொங்கிக்கொண்டு நிற்கும், பாலும் ஒழுங்காக ஊற்றும்.

கட்டருக்கு வருவோம். மழுங்கிய நுனியை உடைத்து எறிகிற இந்த பிளேடு ஜப்பான்காரர்கள் தந்தது. ஒசாகாவில் அச்சுத் தொழிலில் இருந்த யோஷியோ ஒகாடா 1956-இல் உருவாக்கினார். பின்னாளில் அது ஓல்ஃபா என்ற பெயரில் உலகம் சுற்றியது. அட்டைப்பெட்டிக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிளேடைச் சில மில்லிமீட்டர் மட்டும் வெளியே தள்ளி டேப்பின் மேல் ஓட்டினால், உள்ளே இருக்கும் சட்டையில் கீறல் விழாது. ஆனால் சமையலறைக்குள் விடாதீர்கள். துருப் பிடிக்காமலிருக்கப் புது பிளேடில் எண்ணெய் தடவியிருப்பார்கள், பழையதில் டேப் பசை இருக்கும், நுனியோ உடைவதற்கென்றே செய்யப்பட்டது. பால் பாக்கெட்டில் இவை மூன்றுமே வேண்டாத சமாச்சாரம்.

அப்புறம் பேனாக்கத்தி எதற்கு? வீட்டை விட்டு வெளியே போனால் அதற்கு மதிப்பு வருகிறது. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸனர் 1884-இல் தொடங்கிய பட்டறை 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது. பின்னாளில் அதுதான் விக்டோரினாக்ஸ். சிப்பாய் துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளியும், டின் சாப்பாட்டைத் திறக்க ஓர் அலகும் அந்தக் கத்தியிலேயே இருந்தன. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பது அதன் பிறவிக் கடன் என்றே சொல்லலாம். இன்றும் இழுக்க வளையம் இல்லாத டின்னைத் திறக்க அந்தச் சின்ன அலகு போதும். முன்னோக்கி நகர்த்தி நகர்த்தி வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வாங்குகிறவர்கள் பிளேடைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். பாக்கெட்டுக்காக என்றால் நான் பார்ப்பது கத்தரிக்கோலை. அதே நிறுவனத்தின் கிளாசிக் மாடல் 58 மில்லிமீட்டர்தான், சாவிக்கொத்தில் தொங்கும். அதிலுள்ள குட்டிக் கத்தரிக்கோல் ரயிலில் ஊறுகாய், சட்னி, கெட்ச்அப் பொட்டலம் எல்லாவற்றையும் சிந்தாமல் திறக்கும். பிளேடு ஆப்பிள் நறுக்கக் காணாது. அதற்கு பிரான்ஸின் ஒப்பினெல் நல்லது. எட்டாம் நம்பரின் பிளேடு 8.5 செ.மீ.; மரக் கைப்பிடி, விரித்த பின் வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். கிளாசிக்கின் பிளேடுக்குப் பூட்டு இல்லை. முனையால் எதையாவது குத்தினால் மடங்கி விரலிலேயே விழும், ஆகவே அதை வைத்துக் குத்தவே கூடாது.

ஒப்பினெலில் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என்று இரண்டு உண்டு. கார்பன் எஃகில் மாங்காய் நறுக்கிவிட்டு அப்படியே வைத்தால், வாழைக்காய் நறுக்கிய இரும்பு அரிவாள்மனை மாதிரி கறுத்துவிடும். நம் ஊர்ச் சாப்பாட்டுக்குத் துருப்பிடிக்காததை வாங்குவதே மேல்.

எல்லா மடக்குக்கத்திக்கும் பொதுவான தலைவலி கழுவுவது. கீல் இடுக்கில் ஜாமோ ஊறுகாயோ புகுந்தால் துணியால் துடைத்து எடுக்க முடியாது. வெந்நீரில் விட்டு நான்கைந்து முறை மடக்கி விரித்து, நன்றாகக் காயவைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். மரக் கைப்பிடி என்றால் ஊறவே விடக்கூடாது. ஊறினால் உப்பி, பிளேடை வெளியே எடுப்பதே பாடாகிவிடும். இரண்டாகக் கழற்றுகிற சமையலறைக் கத்தரிக்கோலைச் சோப்புப் போட்டுக் கழுவி நிமிடத்தில் மாட்டிவிடலாம்.

இன்றைக்கே வாங்குவதாக இருந்தால்: சமையலறைக் கொக்கியில் கழற்றிக் கழுவுகிற கத்தரிக்கோல், வாசல் பக்கத்து மேசை டிராயரில் கட்டர், ஊருக்குப் போகும் பையில் கிளாசிக். பழம் நறுக்கித் தின்கிற குடும்பமென்றால் ஒப்பினெலும் சேரட்டும். விமானத்தில் போனால் கத்திகளைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். சாவிக்கொத்தில் மாட்டிய குட்டிக் கத்தியைத்தான் பலரும் மறந்துபோய்ப் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுக்கிறார்கள்.